அக்கா பார்த்த நான்காவது படம்

இலண்டன்
12.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலுக்கு முன்னம் இது உங்கள் கைக்கு வராது என்று தெரியும். பிந்தி வந்தாலும் வாழ்த்து வாழ்த்துதான். நான் சுகம். குளிருக்கு இடுப்பில் நாரிப் பிடிப்பு மட்டும் கூடியிருக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி? என் மருமகள் பிரஷாந்தினி இன்னும் பஸ்ஸில்தான் அரசாங்கக் கச்சேரி வேலைக்குப் போய்வருகிறாளா, மோட்டார் சைக்கிள் ஓடப் பழகிவிட்டாளா?

போன் இருக்கும்போது இவன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். காரணம் இருக்கிறது. இங்கே எங்கள் ஆட்கள் நடத்தும் திரைப்பட விழா வைகாசியில் வருகிறது. ஐந்து படங்களை விருதுக்குத் தெரிவுசெய்திருக்கிறார்கள். பெரிய விருதுகளைப் படித்த ஆட்கள் கொடுப்பார்கள். ஆனால் பார்வையாளர் விருது என்று ஒன்று உண்டு. அதற்குச் சோறு காய்ச்சிவிட்டு வந்திருந்து படம் பார்க்கிற ஆட்களின் கருத்துத்தான் வேண்டும் என்று குழுவில் நான்தான் சண்டை பிடித்தேன். ஊரிலிருந்து வரும் கடிதங்களை மண்டப வாசலில் கயிறு கட்டித் தொங்கவிடப் போகிறோம். ஆகவே உங்கள் கையெழுத்தே வேண்டும்.

ஐந்தில் ஒன்றில் நானும் வேலை செய்திருக்கிறேன். எதில் என்று சொல்லமாட்டேன். சொன்னால் தம்பியின் படம் என்று தூக்கிப் பிடிப்பீர்கள். யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகப் பெயர்கள் வரும் இடங்களை வெட்டிவிட்டுத்தான் அனுப்புகிறோம். பிரஷாந்தினியின் போனுக்கு வரும், அவள் ரீவியில் போட்டுக் காட்டுவாள்.

முழங்காலுக்கு மருந்தை ஒழுங்காக எடுங்கள்.

அன்புத் தம்பி,
ரஜிதன்


வட்டக்கச்சி, கிளிநொச்சி
06.02.2025

அன்புள்ள தம்பி ரஜிதனுக்கு,

உன் கடிதம் கண்டேன். நாங்கள் இருவரும் இருக்கிறோம். முழங்கால் நோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காலபோக வெட்டு முடிந்து நெல் முற்றத்தில் காய்கிறது. வானம் இருட்டினால் நோவை மறந்து ஓடிப்போய் அள்ளவேண்டும். உன் நாரிக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசு.

முதலில் நல்ல செய்தி. பிரஷாந்தினிக்குச் சம்பந்தம் பொருந்திவிட்டது. பொடியன் பெயர் நிருஷன், ஒட்டுசுட்டான் ஆள், பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறான். தகப்பன் முந்தியே நோயில் போய்விட்டார். தாய் அன்னபாக்கியம் நல்ல மனுசி. ஆவணியில் நாள் வைக்கலாம் என்கிறா.

ஒரு காரியத்தில்தான் சிக்கல். அழைப்பிதழில் உன் அத்தானின் பெயரை எப்படிப் போடுவது? யுத்தம் முடிந்தபோது வட்டுவாகலில் ஆமிக்காரர் அவரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் வைகாசியோடு பதினாறு வருடம். சம்பந்தியம்மா பிழையாக ஒன்றும் கேட்கவில்லை. "அமரர் எண்டு போடுறதோ விடுறதோ உங்கட விருப்பம் தங்கச்சி. ஆனா ஏதோ ஒண்டு தெளிவா இருக்கவேணும். தகப்பன் இருக்கிறாரெண்டால் தாரை வார்க்க ஏன் வரேல்லை எண்டு சபையில கேப்பினம்" என்றா. நியாயம்தானே. இத்தனை வருடத்தில் எந்தப் படிவத்திலும் அந்தச் சொல்லை நான் எழுதவில்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று கூப்பிட்டபோதும் வேண்டாம் என்று திரும்பி வந்தவள் நான். இப்போது பிள்ளைக்காக எழுதுவோம் என்று மனதைக் கட்டிவிட்டேன். எழுதினால் நெற்றிப் பொட்டையும் எடுக்கவேண்டும். அழுகை வருகிறது. ஆனால் இனி மாற்றமில்லை.

இனி உன் படங்கள். முதலாவதில் பனி கொட்டும் ஊரில் ஒரு கிழவர் தன் நாயைத் தேடுகிறார். இரண்டு மணித்தியாலம் தேடுகிறார். நாய் கிடைத்ததா இல்லையா என்று சொல்லாமலே முடித்துவிட்டார்கள். பக்கத்து வளவுச் சுடலைமுத்து அண்ணை எங்களோடு இருந்து பார்த்தவர். "நாயைப் பிடிச்சுக் குடுக்க ஏலாதவங்கள் என்னத்துக்குப் படம் எடுக்கிறாங்கள்" என்று கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விட்டார். அதையே என் கருத்தாகவும் போடு.

இரண்டாவது மீன்பிடிக் கிராமத்துக் கதை. அந்தப் பெட்டை நல்ல வடிவு, நன்றாகவும் அழுகிறாள். ஆனால் கடலிலிருந்து இழுத்த வலை காய்ந்துபோய் இருக்கிறது. நான் கொக்கிளாயில் இரண்டு வருடம் இருந்தவள், எனக்கு வலை தெரியும். படத்தில் பொய் எங்கே இருக்கிறதென்று எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும் தம்பி. இது உன் படமென்றால் மன்னித்துக்கொள்.

மிச்சத்தை ஆறுதலாகப் பார்த்து எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
கமலாசனி


இலண்டன்
27.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை வேலைக்குப் போகும் ரயிலில் வாசித்துச் சிரித்ததில் பக்கத்திலிருந்த வெள்ளைக்காரி எழும்பி வேறு இடத்தில் போய் இருந்துவிட்டாள். காய்ந்த வலை என்னுடையது இல்லை, பயப்படாதீர்கள். சுடலைமுத்து அண்ணையின் கருத்தைக் குழுவில் வாசித்தேன். நாய்ப் படம் எடுத்தவருக்கு முகம் கறுத்துவிட்டது.

மருமகளின் சங்கதி கேட்டு மனம் நிறைந்தது. தாய்மாமன் என்று நான் வந்து நிற்கவேண்டிய இடம். என் விசாக் காரியம் இன்னும் இழுபடுவது உங்களுக்குத் தெரியும். அங்கே வந்தால் திரும்பி இங்கே நுழையமுடியாது.

அத்தான் விஷயத்தில் நீங்கள் எடுத்த முடிவு சரி அக்கா. சொல்ல எனக்கு உரிமை இல்லைத்தான். ஆனாலும் எவ்வளவு காலத்துக்குத்தான் நீங்கள் ஒரு பதிலுக்காக ஒவ்வொரு அரசாங்கக் கந்தோர் வாசலிலும் நிற்பது? பிள்ளையின் கலியாணத்தோடு உங்களுக்கும் ஒரு ஆறுதல் வரட்டும்.

நான்காவது படத்தை மட்டும் ஒரு பகல் நேரத்தில், வேலையில்லாத நாளில் பாருங்கள். அது எங்கள் பக்கத்துக் கதை, யுத்தத்தின் கடைசி நாட்களைப் பற்றியது. மனம் தாங்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஆனால் உங்கள் கருத்தை அறிய எனக்கு மிகுந்த ஆசை.

நாரி பரவாயில்லை. நல்லெண்ணெய் வேலை செய்தது.

தம்பி,
ரஜிதன்


வட்டக்கச்சி
19.03.2025

தம்பி ரஜிதன்,

சுகமா? நாங்கள் சுகம். இன்று அதற்கு மேல் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை, குறை நினையாதே.

நான்காவது படத்தில் உன் அத்தான் நிற்கிறார்.

எனக்குப் பைத்தியம் என்று நினைக்காதே. படத்தில் சில இடங்கள் நடித்தவை, சில இடங்கள் அப்போது யாரோ போனில் எடுத்த கலங்கலான படங்கள். அந்தக் கலங்கலான படம் ஒன்றில் மணலில் சனம் நிற்கிறது, பஸ்கள் நிற்கின்றன. முதுகுப் பக்கமாக ஒருவர் ஏறுகிறார். வலது கையில் மணிக்கூடு, முகம் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருக்கிறது. ஏறி இருந்ததும் யன்னலுக்கு வெளியே கையை விட்டு பஸ்ஸின் பக்கத்தில் இரண்டு தரம் தட்டுகிறார். உழவு இயந்திரப் பெட்டியில் நெல் ஏற்றி முடிந்ததும் "சரி, எடு" என்று அவர் தட்டுவாரே, அதே தட்டு. அன்றைக்கும் அப்படித்தான் தட்டினார். அதை யார் நடித்துக் காட்டமுடியும்? எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி அது.

அதோடு முடியவில்லை தம்பி. கொஞ்ச நேரத்தில் இன்னொரு கலங்கலான படம் வருகிறது. ஒரு மதிலோரம் ஆண்கள் வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள். அதே மணிக்கூட்டுக் கை ஒரு கோப்பைத் தேத்தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்தவரிடம் கோப்பையைக் கொடுக்கிறது. பஸ் போன பிறகு அவர் இருந்திருக்கிறார். அவரை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அந்த இடம் எது என்று அறிந்த ஆள் ஒருவர் உலகத்தில் இருக்கிறார்.

அந்த நிமிடமே உனக்குப் போன் எடுத்தேன். நீ "வேலையிலை நிக்கிறன் அக்கா" என்றாய். எனக்கு அழுகையில் வாய் வரவில்லை, வைத்துவிட்டேன்.

யார் எடுத்த படம் அது? எங்கே எடுத்தது? எந்த மாதம்? விழாக்காரரிடம் கேட்டு உடனே எழுது. அழைப்பிதழை அடிக்கவேண்டாம் என்று அச்சகத்துக்குச் சொல்லிவிட்டேன். உயிரோடு தேத்தண்ணி குடித்தவரை நான் எப்படி அமரர் என்று போடுவேன்?

அக்கா


இலண்டன்
16.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவருட வாழ்த்துகள். உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே எழுதாததற்கு மன்னியுங்கள். இங்கே காய்ச்சல் பரவியிருக்கிறது, நானும் நாலு நாள் படுத்துவிட்டேன்.

நீங்கள் எழுதியதைப் பலமுறை வாசித்தேன். படக் குழுவினரிடம் விசாரிக்கவேண்டும். இப்படியான படங்கள் பல கைகள் மாறி வருபவை, எடுத்தவரைக் கண்டுபிடிப்பது இலேசான வேலை இல்லை. கலங்கலான படத்தில் ஒருவரைப் போல இன்னொருவர் தெரிவதும் உண்டு. அதையும் நீங்கள் யோசிக்கவேண்டும்.

ஒன்று மட்டும். இதைப் போனில் கதைக்கவேண்டாம் அக்கா. யார் கேட்பார்கள் என்று தெரியாது. எதுவென்றாலும் கடிதத்தில் எழுதுங்கள்.

கலியாண அலுவல்களை இதற்காக நிறுத்திவைக்காதீர்கள். நிருஷன் வீட்டார் மனம் கோணக்கூடாது.

தம்பி,
ரஜிதன்


வட்டக்கச்சி
02.05.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் காய்ச்சல் சுகமா? கொத்தமல்லி அவித்துக் குடி. நீ சொன்னபடி போனில் இதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நீ எடுத்தபோதும் வெயில், கிணற்றுத் தண்ணி என்று கதைத்துவிட்டு வைத்தேன், கவனித்தாய்தானே.

ஒருவரைப் போல ஒருவர் என்று எழுதியிருந்தாய். நான் அந்த இடத்தை எத்தனை தரம் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. பிரஷாந்தினி வேலைக்குப் போகுமுன் ரீவியில் போட்டுவிட்டுப் போவாள், நான் குசினிக்கும் ரீவி அறைக்குமாக நடந்து நடந்து பார்ப்பேன். தோள் அவருடையது. காது அவருடையது.

படத்திலிருந்து அந்த முதுகையும் கையையும் கடையில் கொடுத்துப் பெரிதாக அடித்து, காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கும் கந்தோருக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பிள்ளை மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொண்டது. "இத எடுத்த ஆள் ஆரெண்டு தெரிஞ்சா நல்லம் அம்மா" என்றது. என் தம்பி விசாரிக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்தேன். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் படிகளில் இறங்கும்போது எனக்கு முழங்கால் நோகவில்லை.

வருடப்பிறப்புக்கு அவருக்கு உடுக்க ஒரு சாரம் வாங்கி வைத்தேன். சிரிக்காதே.

சம்பந்தியம்மா வந்திருந்தா. "நான் அவசரப்படுத்தேல்லை தங்கச்சி. ஆனா ஆவணி தப்பினால் பிள்ளையளுக்கு அடுத்த தைதான்" என்றா. ஆனி முடியப் பதில் சொல்கிறேன் என்றேன். நீ ஒரு பெயரையாவது எழுது தம்பி. எடுத்த ஆளின் பெயர் மட்டும் போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

அக்கா


இலண்டன்
26.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் மருமகளும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். சனிக்கிழமை விழா முடிந்தது. நான்காவது படத்துக்குத்தான் பார்வையாளர் விருது கிடைத்தது. அதில்தான் நான் வேலை செய்தேன். இப்போது சொல்லலாம்தானே.

உங்கள் பங்குனிக் கடிதத்தை வாசலில் தொங்கவிட்டிருந்தோம். சனம் வரிசையில் நின்று வாசித்தது. பிறகு மேடையிலும் வாசித்தார்கள். "உன் அத்தான் நிற்கிறார்" என்ற இடம் வந்தபோது சனம் அழத் தொடங்கியது. முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் பின்வரிசையில் நின்று அழுதேன். பதினேழு வருடம் பெட்டி தூக்கிய கையில் முதல் தடவையாக ஒரு விருதைத் தந்தார்கள்.

நீங்கள் கேட்ட விஷயம் பற்றி விரைவில் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

தம்பி,
ரஜிதன்


கிளிநொச்சி
12.06.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம். அம்மாவும் சுகம் என்றுதான் சொல்லவேண்டும். கந்தோரில் சாப்பாட்டு நேரத்தில் இருந்து இதை எழுதுகிறேன். வீட்டில் கதைத்தால் அம்மாவுக்குக் கேட்கும்.

நீங்கள் அந்தப் படத்தில் வேலை செய்தீர்கள் என்று அறிந்ததும் அம்மா சாமி அறைக்குள் போய்விட்டா. வெளியே வந்து, "என்ரை தம்பியே அதில நிண்டிருக்கிறான். இனி எனக்கென்ன பயம். அவன் கண்டுபிடிச்சுத் தருவான்" என்று சுடலைமுத்து மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னா.

மாமா, அது அப்பா இல்லை. எனக்கு முதல்நாளே தெரியும்.

படத்தில் அந்த ஆள் செருப்போடு ஏறுகிறார். அப்பா செருப்பில்லாமல்தான் ஏறினவர். அன்றைக்கு மணல் கொதித்தது, என் செருப்பு வழியில் அறுந்துபோனது. சனத்துக்குள் அம்மா பையைத் தேடிக்கொண்டிருந்தபோது அப்பா குனிந்து தன் செருப்பைக் கழற்றி என் காலில் போட்டுவிட்டுப் போனார். எனக்குப் பதினொரு வயது. முகாமுக்குப் போன நெரிசலிலேயே அந்தச் செருப்பு தொலைந்துவிட்டது, அம்மா கவனிக்கவில்லை. அம்மா ஒவ்வொரு படிவத்திலும் "மண்ணிறச் செருப்பு அணிந்திருந்தார்" என்று எழுதும்போது நான் பக்கத்திலேயே இருப்பேன். இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெறுங்காலோடு போனார் என்று அம்மாவுக்கு எப்படிச் சொல்வது?

அந்த இரண்டு தட்டும் உங்களுக்கு எப்படித் தெரியும் என்றும் எனக்குத் தெரியும். முகாமிலிருந்து அம்மா உங்களோடு முதல் தடவை போனில் கதைத்தபோது அழுதழுது சொன்னா. நான் மடியில் படுத்திருந்து கேட்டேன். சொன்னது அம்மாவுக்கு இப்போது நினைவில்லை. நீங்கள் மறக்கவில்லை.

உங்களில் எனக்குக் கோபம் வருகிறது மாமா. படம் எடுத்ததற்காக இல்லை, மூன்று மாதமாகச் சும்மா இருப்பதற்காக. நிருஷனிடம் நான் எல்லாம் சொல்லிவிட்டேன், அவர் காத்திருப்பார். என் கலியாணம் பிந்தினால் பிந்தட்டும். ஆனால் அம்மா சாரத்தைத் தினமும் எடுத்துப் பார்த்து மடித்து வைக்கிறா. அதை என்னால் பார்க்க முடியவில்லை. நான் சொன்னால் நம்பமாட்டா. நீங்கள்தான் எழுதவேண்டும். செருப்புச் சங்கதியை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள்.

மருமகள்,
பிரஷாந்தினி


இலண்டன்
29.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி என்று கேட்கக்கூட எனக்கு இன்று தகுதியில்லை. இந்தக் கடிதத்தைப் பிரஷாந்தினி வீட்டில் இருக்கும்போது பிரியுங்கள்.

அந்தப் படத்தின் கதையை எழுதியதே நான்தான். நீங்கள் பார்த்தது அத்தான் இல்லை. இராமேசுவரத்துக்குத் தெற்கே ஒரு மணல் திட்டியில் எடுத்தது. வரிசையில் நின்றவர்கள் மண்டபம் முகாமில் இருக்கும் எங்கள் சனம். பஸ்ஸில் ஏறியவரும் அங்கே பிறந்து வளர்ந்தவர்தான். பழைய போனில் எடுத்ததுபோல் தெரியவேண்டும் என்று பிறகு கலங்கலாக்கினோம்.

மணிக்கூட்டை உள்பக்கமாகக் கட்டியதும், இரண்டு தரம் தட்டியதும் நீங்கள் எனக்குச் சொன்னவை. முகாமிலிருந்து எடுத்த முதல் போனில் சொன்னீர்கள். நான் அப்போது ஒரு பெற்றோல் நிலையத்தில் நின்றேன். வேறு ஒன்றும் செய்ய முடியாதவன், கேட்டதை மறக்காமலாவது இருந்தேன். அந்த நடிகருக்கு இங்கிருந்தே போன் வீடியோவில் தட்டிக் காட்டியது நான்தான். சரியாக வரும்வரை பன்னிரண்டு தரம் எடுத்தோம்.

தேத்தண்ணி நான் சேர்த்தது. பஸ்ஸால் இறங்கியபிறகு அத்தான் ஒரு வாய் தேத்தண்ணியாவது குடித்திருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் எழுதினேன். வேறு எந்த ஆதாரமும் இல்லை அக்கா.

உங்கள் பங்குனிக் கடிதம் வந்த அன்றே இதை எழுதியிருக்கவேண்டும். குழுவினருக்கு அதைக் காட்டினேன். "வன்னியில் இருக்கிற ஒரு மனுசியே உண்மை என்று நம்பியிருக்கிறா, இதைவிட என்ன விருது வேண்டும்" என்றார்கள். நான் அதை வாசலில் தொங்கவிடக் கொடுத்தேன். சந்தோசப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். போனில் கதைக்கவேண்டாம் என்று எழுதியது வேறு யாரும் கேட்பார்கள் என்ற பயத்தில் இல்லை. உங்கள் குரலைக் கேட்டால் சொல்லிவிடுவேன் என்ற பயம்.

விருதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதனால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை.

மன்னிக்கும்படி கேட்கவில்லை.

ரஜிதன்


வட்டக்கச்சி
14.08.2025

அன்புள்ள தம்பி ரஜிதனுக்கு,

உன் நாரிப் பிடிப்பு எப்படி? எனக்கு முழங்கால் பழையபடிதான். சிறுபோக வெட்டு நடக்கிறது. ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை, நீ போன் எடுத்தும் நான் எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை.

உன் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் வந்தது. பிரஷாந்தினி இருக்கும்போது பிரிக்கச் சொல்லி உள்ளே எழுதியிருக்கிறாய். பிரித்தால்தானே அது தெரியும்? அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நின்றபடியே வாசித்தேன். வாசித்து முடித்துவிட்டுச் சோற்றை வடித்தேன். பிறகு அடுப்படியில் இருந்துவிட்டேன். பிள்ளை வேலையால் வந்து தூக்கும்வரை எழும்பவில்லை.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். நீ தேத்தண்ணி கொடுத்ததற்குக் கோபமில்லை. அதை வாசித்துத்தான் கூட அழுதேன். நாலு மாதம் என்னை அவருக்குச் சாரம் வாங்கவிட்டாயே, அதற்குத்தான் கோபம். அந்தக் கந்தோர்ப் பிள்ளையிடம் போய் நான் கொடுத்தது சினிமாப் படம் என்று சொன்னேன். அது தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்லை அம்மா" என்றது. எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

நீ விருதைத் திருப்பிக் கொடுத்தால் என்ன, வைத்திருந்தால் என்ன. வாசலில் தொங்கிய என் கடிதத்தை மட்டும் எடுத்து அனுப்பு. அது உனக்கு எழுதியது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முந்தி நான் கண்ணை மூடினால் அவர் வருவார். முகம் வராது, அது எப்போதோ மங்கிவிட்டது. முதுகு வரும், கை வரும், அந்தத் தட்டு வரும். இப்போது கண்ணை மூடினால் வருவது அந்த மண்டபம் முகாம் ஆளின் முதுகு. எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன், அவருடையது வருகுதில்லை. அந்தப் படத்தை அத்தனை தரம் பார்த்தது என் பிழை. அந்த மனுசனையும் குற்றம் சொல்லமாட்டேன், வயிற்றுப்பாட்டுக்கு நடித்திருக்கும். ஆனால் என்னிடம் மிச்சமிருந்தது அவ்வளவுதான் தம்பி. அதுவும் போய்விட்டது.

பொட்டை எடுத்துவிட்டேன். அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது, ஆவணியிலேயே கலியாணம். அமரர் கதிர்காமநாதன் என்று போடச் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். மணவறையில் பெரியப்பா முறையான ஒருவரும் மனைவியும் நின்று தாரை வார்ப்பார்கள்.

அமரர் என்று போட்டபின் கிரியை செய்யாமல் சுபகாரியம் தொடங்கக்கூடாது என்று சம்பந்தியம்மா சொன்னா. அதுவும் நியாயம்தான். கோயில் ஐயரிடம் போனேன். பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, "திதி என்னம்மா?" என்றார்.

"தெரியாது ஐயா."

"கன சனம் வைகாசியில அந்தக் கடைசி நாளைத்தான் வைக்கினம். அதையே வைப்பமே?"

"வைகாசியில அவர் தன்ரை காலால நடந்துபோய் பஸ்ஸில ஏறினவர் ஐயா. நான் கண்ணால கண்டனான். அண்டைக்கு அவர் சாகேல்லை."

"அப்ப ஆடி அமாவாசை?"

"அது எல்லாற்றை அப்பாமாருக்கும் உள்ள நாள். இவருக்கெண்டு ஒண்டு வேணும்."

ஐயர் பஞ்சாங்கத்தை மூடிவைத்தார். "அவர் இல்லையெண்டு உங்களுக்கு எப்ப தெரியவந்தது? அந்த நாளைச் சொன்னாலும் சாத்திரம் ஏற்கும்" என்றார்.

உன் கடிதம் வந்த நாளைச் சொன்னேன்.

அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தார். ஆனி மாதம், அபரபக்கம், பஞ்சமி. வருடத்தை மட்டும் 2009 என்று தானே எழுதிக்கொண்டார். கிரியை கீரிமலையில் முடிந்தது. இனி ஒவ்வொரு ஆனியிலும் அந்தத் திதியில் நான் அவருக்குப் படைப்பேன்.

நீ வேறொன்றும் செய்யவேண்டாம். அந்த நாளில் அங்கே மச்சம் மாமிசம் சாப்பிடாமல் இரு.

அக்கா,
கமலாசனி